பை போட்ட இடம்

எழிலரசி இந்த உலகத்திடம் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. உட்கார ஓர் இடம் கேட்டாள், அவ்வளவுதான். அதைக் கொடுக்கத்தான் யாருக்கும் மனம் வரவில்லை.

வயது நாற்பத்தொன்பது. பதினோரு வருடமாகச் சிதம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையின் புடவைப் பிரிவில் நிற்கிறாள். வேலை செய்கிறாள் என்று சொல்வதைவிட நிற்கிறாள் என்று சொல்வதுதான் சரி. காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் இரவு எட்டு மணி வரைக்கும் நிற்பு. நடுவில் சோறு தின்ன இருபது நிமிடம். கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. சட்டம் வந்த மாதம் முதலாளியும் மறுக்காமல் ஆளுக்கொரு ஸ்டூல் வாங்கிப் போட்டார். அடுத்த மாதம் அந்த ஸ்டூல்களின் மேல் பூனம் புடவைக் கட்டுகள் ஏறிக்கொண்டன. இன்றைக்கும் அவைதான் உட்கார்ந்திருக்கின்றன. பாவம், புடவைக்குக் கால் வலிக்கும் போலிருக்கிறது.

வருகிறவர்களும் சும்மா வருவதில்லை. அரக்கு காட்டுங்க, அதுலயே மாம்பழக் கலர் காட்டுங்க, அந்த மேல் தட்டுல இருக்குதே அதைக் காட்டுங்க என்று ஐம்பது புடவையைப் பிரிக்க வைத்துவிட்டு, "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்று எழுந்து போவார்கள். கோயிலுக்கு வந்த இடத்தில் வெயிலுக்கு ஒதுங்கியவர்கள். பேன் காற்று வாங்கினோமா, போனோமா என்று இருக்கக் கூடாதா? காற்று வாங்குகிறவளுக்குக் கூச்சம் வந்துவிடுகிறது. அந்தக் கூச்சத்தை மறைக்க ஐம்பது புடவை வேண்டியிருக்கிறது. மறுபடி மடித்து அடுக்குவது எழிலரசி. சாயங்காலம் ஆனால் கணுக்காலில் செருப்பு வார் பதிந்த தடம் அரை விரல் ஆழத்துக்கு இருக்கும்.

வீடு கடலூர் வண்டிப்பாளையத்தில். புருஷன் சேரன் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் நாலைந்து நாள்தான் வீட்டில் இருப்பார். ஆக, அவளுக்கு உட்காரக் கிடைக்கிற ஒரே இடம், திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் எட்டுப் பத்துக்குக் கிளம்புகிற சிதம்பரம் பஸ். ஒன்றே கால் மணி நேரம். அந்த ஒன்றே கால் மணி நேரம் கிடைத்துவிட்டால் அன்றைக்கு நாள் முழுவதும் நிற்கலாம். கிடைக்காவிட்டால் மத்தியானத்துக்குள்ளேயே முட்டிக்குக் கீழே தன்னுடையது இல்லாத மாதிரி ஆகிவிடும்.

கிடைக்காது. ஏனென்றால் இந்த ஊரில் ஆள் ஏறுவதற்கு முன்னால் துண்டு ஏறிவிடும்.

பஸ் உள்ளே திரும்பும்போதே கூட்டம் கூட ஓடும். ஜன்னல் வழியாகத் துண்டு போகும், கைக்குட்டை போகும், தண்ணீர் பாட்டில் போகும், ஹெல்மெட் போகும். ஒரு முறை ஓர் ஆள் பச்சைக் குழந்தையைத் தூக்கி ஜன்னலுக்குள் விட்டதையும் அவள் பார்த்திருக்கிறாள். அதற்குப் பிறகு படியில் இடிபட்டு, மிதிபட்டு, முதலாவதாகவே ஏறினாலும் இடமெல்லாம் "ஆள் வருது" என்று சொல்லும். இதில் கைதேர்ந்தவன் கொளஞ்சி. சிதம்பரத்தில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிறான். ஒரு நைந்த பச்சைத் துண்டு வைத்திருப்பான். அதை விசிறுகிற வாகில் விசிறினால் மூன்று பேர் சீட்டில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் விரிந்து படுத்துக்கொள்ளும். ஒரு இடம் அவனுக்கு. மற்ற இரண்டும் ஆலப்பாக்கத்தில் ஏறப் போகிற அவன் மச்சான்களுக்கு. ஆலப்பாக்கம் வரைக்கும் அந்த இரண்டு இடமும் காலியாகவே போகும், எழிலரசி பக்கத்திலேயே நின்றுகொண்டு போவாள்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் துண்டைக் கீழே தள்ளிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் ராஜமாணிக்கம் நல்ல மனிதர்தான், ஆனால் அன்றைக்கு அவர் சொன்ன தீர்ப்பு இது.

"துண்டு கெடந்தா ஆளு இருக்குதுன்னு அர்த்தம்மா. இது எல்லாருக்கும் தெரிஞ்ச கணக்குதான. நீங்களே இப்டி பண்ணலாமா? எழுந்திருங்க."

எழுந்தாள். அந்த அவமானம் வெகு நாள் போகவில்லை. அன்றைக்குக் கடையில் பக்கத்துக் கவுண்டர் பிரிசில்லாவிடம் பொரிந்து தள்ளினாள்.

"எடத்துல ஒடம்பு வந்து உக்காரணும். துணி வந்து உக்காரலாமா? என்னா மனுசங்க இவுங்க?"

"அவுங்களுக்கும் கால் வலிக்கும்லக்கா?" என்றாள் பிரிசில்லா.

"கால் வலிக்கிறவனா துண்டு போடறான்? கை நீட்டமா இருக்கறவன்தான் போடறான். செத்தாலும் நான் போட மாட்டேன் பாரு."

பதினோரு வருடம் போடவில்லை. அது ஒன்றுதான் அவளுக்குப் பெருமையாக இருந்தது. நின்றுகொண்டே போனாலும், தான் இந்தக் கும்பலில் சேர்ந்தவள் இல்லை என்கிற பெருமை. கால் வலிக்கு அது தைலம் மாதிரி கொஞ்சம் உதவியது.

இந்த வருடம் தைப்பூசத்துக்கு முதல் நாள்தான் அந்தப் பெருமை போயிற்று.

மகள் அனுப்பிரியா லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்துவிட்டு, சிதம்பரத்திலேயே தோழிகளோடு அறை எடுத்துத் தங்கி, ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் தற்காலிகமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கேயே ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் நிரந்தர வேலைக்கு எழுதி, தேர்வாகிவிட்டாள். அசல் சான்றிதழ்களை மட்டும் அன்றைக்குப் பன்னிரண்டு மணிக்குள் காட்ட வேண்டும். நேரம் தப்பினால் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள். சான்றிதழ்களோ வண்டிப்பாளையத்து பீரோவில். அறையில் வைத்தால் எலி கடித்துவிடும் என்று வாங்கிக்கொண்டு வந்து பூட்டி வைத்ததே எழிலரசிதான்.

"இந்த வேல மட்டும் கெடைக்கட்டும்மா, அப்புறம் நீ கடைக்குப் போவ வேணாம்" என்று முதல் நாள் போனில் சொல்லியிருந்தாள் மகள். "ஊட்டுல கால நீட்டிப் போட்டு உக்காரு. யாரு கேப்பா?"

எழிலரசி கடையில் அரை நாள் சொல்லிவிட்டு, நீல பைலைக் கட்டைப்பையில் வைத்து, அதன் மேல் சோற்று டப்பாவை வைத்துக்கொண்டு வந்தாள். தை முகூர்த்தக் கூட்டத்தில் ஒரு வாரமாக உட்காரவே இல்லை. இடது கால் வீங்கி, ராத்திரி படுத்தாலும் கனத்தது. பஸ் ஸ்டாண்டில் என்றைக்கும் இல்லாத கூட்டம். எல்லாம் வடலூருக்கு ஜோதி பார்க்கப் போகிற ஜனம்.

எட்டுப் பத்து வண்டி உள்ளே திரும்பியது. பின்பக்கம் நசுங்கிய தகரம், மூன்றாவது ஜன்னலில் கம்பி இல்லாத இடைவெளி, எல்லாம் அதே வண்டி. கூட்டம் ஓடியது. இந்த நெரிசலில் நின்றால் பைல் கசங்கிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. பைல் கசங்கினால் மகளுக்குத்தானே கெடுதல்? ஒரு நாள்தானே? கால் வேறு விண்விண் என்று தெறித்தது. காரணம் வேண்டும் என்று நினைத்தால் போதும், காரணங்களுக்கு இந்த உலகத்தில் என்றைக்குப் பஞ்சம் வந்தது? கட்டைப்பையைத் தூக்கி ஜன்னலுக்குள் போட்டாள்.

இரண்டு பேர் சீட்டு, ஜன்னலோரம், போய் நிமிர்ந்து உட்கார்ந்தது. முதல் தடவையிலேயே இவ்வளவு சரியாக விழும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஒரு நிமிடம் அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பக்கத்து இடத்தில் கொளஞ்சியின் பச்சைத் துண்டு விழுந்தது. அவன் இவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். இப்போது நீயும் நம்ம ஆள்தானே என்கிற சிரிப்பு.

வண்டி நிற்கவில்லை. வழக்கமாக நிற்கிற இடத்தைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டின் அந்தக் கோடிக்குப் போயிற்று. அங்கே காத்திருந்த ஜனம் ஹோவென்று அதைச் சூழ்ந்துகொண்டது. அப்போதுதான் யாரோ கத்தினார்கள்.

"ஏய், அது செதம்பரம் இல்லப்பா! வடலூர் ஸ்பெஷலு!"

முன் கண்ணாடியில் போர்டு மாற்றித்தான் வைத்திருந்தார்கள். பெரிய எழுத்தில்தான் இருந்தது. ஆனால் பக்கவாட்டில் ஓடுகிறவன் எங்கே போர்டைப் பார்க்கிறான்? ஜன்னலைத்தான் பார்க்கிறான். பதினோரு வருடமாகப் பார்க்கிற வண்டிக்குப் போர்டு எதற்கு?

எழிலரசி ஓடினாள். வீங்கிய காலோடு ஓடுவதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. "பை, என் பை" என்று கத்தினாள். அத்தனை இரைச்சலில் அது யார் காதில் விழும்? அவள் அந்தக் கோடிக்குப் போய்ச் சேருவதற்குள் படியில் ஆள் தொங்க, வண்டி வெளியே திரும்பிவிட்டது.

கொளஞ்சி அலட்டிக்கொள்ளாமல் பின்னாலேயே நடந்து வந்தான்.

"துண்டு போச்சு," என்றான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னாக்கா வச்சிருந்தீங்க பையில?"

சொன்னாள். அவன் வாயில் கை வைத்துக்கொண்டான்.

"சர்ட்டிபிகேட்டப் போயி போடுவாங்களாக்கா யாராச்சும்? எடம் புடிக்கறதுக்குன்னு ஒரு மொற இருக்குதுல்ல? போனாப் போவுதுன்னு இருக்கறதத்தான் போடணும். நான் ஏன் கிழிஞ்ச துண்டு வச்சிருக்கேன்?"

இருந்தாலும் கெட்டவன் இல்லை. ராஜமாணிக்கத்தின் நம்பர் அவனிடம் இருந்தது. மூன்று தடவை போட்டான். மணி அடித்ததே தவிர எடுக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் கண்டக்டருக்கு மூச்சு விடவே நேரமிருக்காது. அடுத்த ஸ்பெஷல் எட்டரைக்கு வந்தது. கொளஞ்சி முண்டியடித்து வழி பண்ணிக் கொடுத்து அவளை ஏற்றிவிட்டான். இடமெல்லாம் அவனால் பிடித்துத் தர முடியவில்லை, கையில் துண்டு இல்லை.

குள்ளஞ்சாவடி, குறிஞ்சிப்பாடி வரைக்கும் மூச்சு முட்ட நின்றுகொண்டே போனாள். பின்னால் ஒருவன் போனில் சத்தமாக வீடியோ பார்த்துக்கொண்டு வந்தான். இன்னொருவன் ஒவ்வொரு குலுங்கலுக்கும் அவள் கால் மேலேயே மிதித்தான். என்றைக்கும் என்றால் மனசுக்குள்ளேயே திட்டித் தீர்த்திருப்பாள். அன்றைக்குத் திட்டக்கூட வாய் வரவில்லை, முதலில் தன்னைத் திட்ட வேண்டும் என்பதால்.

மகள் கூப்பிட்டாள்.

"எங்கம்மா வர, ஆலப்பாக்கம் தாண்டிட்டியா?"

"குறிஞ்சிப்பாடி."

"குறிஞ்சிப்பாடியா? அங்க ஏம்மா போற?"

நடந்ததைச் சொன்னாள். அனுப்பிரியா அழுகிற குரலில், "நீயாம்மா தூக்கிப் போட்ட? நீ திட்டுவியேம்மா அவுங்கள?" என்றாள். எழிலரசி போனை வைத்துவிட்டாள். மேல் கம்பியைப் பிடித்தபடியே அழுதாள்.

பை என்ன ஆகியிருக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். யாராவது அதைக் கீழே தள்ளிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். அவளே ஒரு நாள் துண்டைத் தள்ளியவள்தானே? கீழே விழுந்ததை நாலு பேர் மிதித்திருப்பார்கள், சோற்று டப்பா திறந்து தயிர் ஊற்றியிருக்கும். பைல் மிஞ்சினாலும் மதிப்பெண் தெரியுமோ தெரியாதோ. யாராவது எடுத்துக்கொண்டே போயிருக்கவும் கூடும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள்.

வடலூரில் ஊருக்கு வெளியே ஒரு திடலில் ஸ்பெஷல் பஸ்களை நிறுத்தியிருந்தார்கள். இறங்கும்போது மணி ஒன்பது ஐம்பது. இருபது முப்பது வண்டிகளுக்கு நடுவில் நசுங்கிய தகரத்தைத் தேடி நடந்தாள். அகப்பட்டது. வண்டி காலியாக நின்றது. அதன் படிக்குப் பக்கத்தில், வெயிலில், அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு குள்ளமான அம்மாள் கட்டைப்பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அதில் அச்சடித்த ஜவுளிக்கடைப் பெயர் வெளியே தெரிகிற மாதிரி நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா, அது என் பைம்மா."

அந்த அம்மாள் உடனே கொடுத்துவிடவில்லை.

"உள்ள என்னா இருக்குது, சொல்லு?"

"சோத்து டப்பா. அதுக்கு அடியில நீலக் கலர்ல ஒரு பைலு. எம் பொண்ணோட சர்ட்டிபிகேட்டு."

"நான் தொறந்துலாம் பாக்கல. கனத்துக்கு சோத்து டப்பா மாரிதான் இருக்குது. இந்தா," என்று நீட்டினாள்.

எழிலரசி அங்கேயே பைலைப் பிரித்துப் பார்த்தாள். ஒரு மடிப்பு விழவில்லை. ராஜமாணிக்கம் டீ குடித்துவிட்டு வந்தார். அவளைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"உங்க பைதானா? நல்லா வேல வச்சீங்கம்மா! கடலூர்லேர்ந்து உங்க பை ஜம்முனு உக்காந்துகிட்டு வருது, இந்தம்மா பக்கத்துல நின்னுகிட்டு வருது. அந்தத் துண்டு கெடந்த எடத்துல ஒருத்தன் உக்காந்துட்டான், அத மடிச்சி தலைக்கி வச்சித் தூங்கிட்டே வந்தான். பை மேல கை வைக்க இந்தம்மா ஒருத்தர வுடல. ஆள் வருது, ஆள் வருதுன்னு வழி முழுக்க சண்ட. எறங்கனப்புறமும், வண்டி காலியாத்தான கெடக்கு, ஏறி உக்காருங்கன்னேன். உள்ள உக்காந்தா தேடி வர்றவங்களுக்கு எப்டித் தெரியும்னு வெயில்ல நிக்கிது."

"நீங்க எடுத்து மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருக்கலாமேம்மா?" என்றாள் எழிலரசி.

"அது எப்புடி? பை போட்டவங்க எடமாச்சே. எனக்கு ஜன்னலு எட்டாது, தூக்கிப் போட கை வராது. போட்டவங்க உக்காரட்டும்னு வுட்டுடுவேன். நீ முன்னாடி கூட்டத்துல மாட்டிக்கிட்டியா? ஒரு கொரலு குடுத்திருந்தின்னா ஆளுங்கள வெலக்கி வுட்ருப்பேன்ல?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆமாம், மாட்டிக்கொண்டேன் என்று சொல்லிவிட்டு நடந்திருக்கலாம். எழிலரசிக்கு வரவில்லை.

"நான் பஸ்லயே வரலம்மா. பைதான் வந்துது. நான் அடுத்த வண்டியில வரேன்."

அந்த அம்மாளுக்கு அது விளங்க ஒரு நிமிடம் ஆயிற்று. பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

"பஸ்லயே இல்லியா? அப்ப நான் உக்காந்துகிட்டே வந்துருக்கலாமா?"

அதில் கோபம் துளிகூட இல்லை. அதுதான் எழிலரசியைக் கொன்றது. சிரித்துக்கொண்டே அந்த அம்மாள் பாரத்தை வலது காலிலிருந்து இடது காலுக்கு மாற்றினாள். அப்போதுதான் எழிலரசி கீழே பார்த்தாள். வலது பாதத்தில் கட்டு. முன்பக்கத் துணியில் ஈரம் கசிந்து மண் ஒட்டியிருந்தது.

"கால்ல என்னாம்மா?"

"சக்கர. ரெண்டு வெரல எடுத்துட்டாங்க. கட்டு மாத்தத்தான் கடலூரு போயிருந்தேன். வழியில ஜோதியப் பாத்துட்டு நாளைக்கி ஊருக்குப் போயிரலாம்னு எறங்கனேன்."

ஊர் மங்கலம்பேட்டைப் பக்கம், பெயர் விருத்தாம்பாள். இவ்வளவும் கேட்டுத் தெரிந்துகொண்டாளே தவிர, என்ன செய்வது என்று எழிலரசிக்குத் தெரியவில்லை. சோற்று டப்பாவை எடுத்து நீட்டினாள். "இங்க சோத்துக்கா பஞ்சம்? தருமசாலையில அடுப்பு எரிஞ்சிகிட்டே இருக்குது. நீ கொண்டு போயி பொண்ணுக்குக் குடு, போ, நேரமாவுது" என்று விருத்தாம்பாள் தள்ளிவிட்டாள். கையைப் பிடித்துக் கூட்டிப் போய் பஸ் படியில் உட்கார வைத்ததுதான் எழிலரசியால் முடிந்தது. அதற்கும் அந்த அம்மாள், "வண்டி எடுக்கப் போறாங்க, யாராச்சும் ஏறணும்னா எடைஞ்சலா இருக்குமே" என்று பாதிப் படியில் ஒதுங்கித்தான் உட்கார்ந்தாள்.

பத்துப் பத்துக்குச் சேத்தியாத்தோப்பு வழியாகச் சிதம்பரம் வண்டி கிடைத்தது. அதிசயமாக இடமும் கிடைத்தது. பைலை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றே கால் மணி நேரம் உட்கார்ந்து போனாள். கால் ஆறியது. மனசு ஆறவில்லை. கட்டுப் போட்ட ஒரு கால் தன் பைக்குக் காவலாக நின்றுகொண்டே வந்ததை நினைக்கும்போதெல்லாம் உட்கார்ந்திருப்பதே கூச்சமாக இருந்தது.

பதினொன்று நாற்பதுக்கு ஆஸ்பத்திரி வாசலில் அனுப்பிரியா பைலைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். பன்னிரண்டு ஐந்துக்கு வெளியே வந்தாள். கண்ணெல்லாம் சிரிப்பு.

"எடுத்துக்கிட்டாங்கம்மா! ஒண்ணாந்தேதி சேரச் சொல்லிட்டாங்க. கடையில சொல்லிடு, இந்த மாசத்தோட சரி."

எழிலரசி மகளின் கன்னத்தைத் தடவினாள். அழுகையும் வந்தது, அதைவிட அசதி வந்தது.

"ஏம்மா இவ்ளோ நேரம் நின்னுகிட்டா இருந்த? இவ்ளோ சேர் கெடக்குதே?"

வரிசையில் நாலு நாற்காலி இருந்தது. மூன்றில் ஆள் உட்கார்ந்திருந்தார்கள். நாலாவதில் யாருடைய ஹெல்மெட்டோ இருந்தது. ஆள் எப்போது போனாரோ, எப்போது வருவாரோ.

"அத எடுத்துக் கீழ வச்சிட்டு உக்கார வேண்டியதுதான?"

"வேணாம்டி," என்றாள் எழிலரசி, ஹெல்மெட்டையே பார்த்துக்கொண்டு. "ஆள் வருவாங்க."